ஆக்சிஜன் சேம்பர்: பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள்

சேம்பர் என்றால், நோயாளியை உள்ளே படுக்க வைத்து, அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் கொடுக்கும் மூடிய பெட்டி. எங்கள் சேம்பர் அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறது. நோயாளி உள்ளே படுத்திருக்கும் இரண்டு மணி நேரமும் கூட வந்தவர்கள் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது வருஷமாக நான் சேம்பர் ஓட்டுகிறேன். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் அந்த பெஞ்சில் வைத்து என்னிடம் கேட்பார்கள். அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள்தான், அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டெக்னீஷியன். உங்கள் உடம்புக்கு இது வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மூக்குல ட்யூப் வெச்சு ஆக்சிஜன் குடுக்கறதுதானே? அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பெட்டி?

வித்தியாசம் பிரஷரில் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். நுரையீரல் நன்றாக இருப்பவருக்குச் சாதாரணக் காற்றிலேயே அது 97, 98 சதவீதம் நிரம்பிவிடும். பஸ்ஸில் சீட்டெல்லாம் ஃபுல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் குழாய் வைத்தால் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு சீட் நிரம்பும், அவ்வளவுதான். ஆனால் ஹீமோகுளோபினில் ஏறாமல், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் நேரடியாகக் கரையும் ஆக்சிஜனும் கொஞ்சம் உண்டு. சாதாரணமாக அது 100 மில்லி ரத்தத்துக்கு 0.3 மில்லிதான்.

பிரஷரை ஏற்றினால் திரவத்தில் கரையும் வாயுவும் கூடும். சோடா பாட்டிலுக்குள் கேஸ் நிற்பது இப்படித்தான். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கில் சுத்த ஆக்சிஜனை சுவாசித்தால் அந்த 0.3 மில்லி சுமார் 6 மில்லியாகிவிடும். ஓய்வாகப் படுத்திருக்கும் உடம்புக்குத் தேவையானதே ஏறக்குறைய அவ்வளவுதான். 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் இட்டே பூரெமா என்ற அறுவை மருத்துவர், பன்றிகளின் ரத்தத்தை ஏறக்குறைய முழுக்க எடுத்துவிட்டு, சிவப்பணு இல்லாத திரவத்தை ஏற்றி, சேம்பருக்குள் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினார். இதற்குப் பெயர் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. ஆஸ்பத்திரி வழக்கில் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் தெரபி.

உள்ள போனா மூச்சு முட்டுமா? என்ன பண்ணுவீங்க?

மூச்சு முட்டாது. எங்களிடம் இருப்பது ஒருவர் மட்டும் படுக்கும் சேம்பர், தடித்த கண்ணாடி போன்ற அக்ரிலிக் குழாய். உள்ளிருந்து நாலு பக்கமும் தெரியும். பத்துப் பதினைந்து பேர் உட்காரும் பெரிய சேம்பர்களும் உண்டு. அங்கே பெட்டி முழுக்கக் காற்று, ஆக்சிஜன் மட்டும் முகமூடி வழியாக வரும்.

கதவைப் பூட்டியதும் உஸ்ஸென்று சத்தம் கேட்கும். பிரஷர் ஏறும்போது உள்ளே கொஞ்சம் புழுக்கமாக இருக்கும், இறங்கும்போது குளிரும். எல்லோரும் போர்வையை இழுத்துக்கொள்வது அப்போதுதான். ஏற பத்துப் பதினைந்து நிமிஷம், இறங்கவும் அதே அளவு. நடுவில் 90 நிமிஷம் ஆக்சிஜன். சர்க்கரைப் புண்ணுக்கு வழக்கமாக 2.4 மடங்கு காற்றழுத்தம், அதாவது கடலில் ஏறக்குறைய 14 மீட்டர் ஆழத்தில் இருப்பது போல. அதனால்தான் நாங்கள் ஒரு சிட்டிங்கை ‘டைவ்’ என்றும் சொல்வோம். இருபது, முப்பது நிமிஷத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிஷம் சாதாரணக் காற்று கொடுப்போம். ஏன் என்பது பின்னால் வரும். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். மைக்கில் பேசலாம், பாட்டும் போடுவேன். ஒன்றுக்கு மட்டும் போய்விட்டு வந்து படுங்கள். நடுவில் சட்டென்று கதவைத் திறக்க முடியாது.

காது அடைக்குது, வலிக்குது. ஏதாவது ஆயிடுமா?

இந்தச் சிகிச்சையில் அதிகம் வரும் தொந்தரவு இதுதான். மலைப்பாதையில் பஸ் இறங்கும்போது அடைக்குமே, அதே சமாச்சாரம். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், இல்லையென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாக ஊதுங்கள். அடைப்பு விட்டுவிடும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதுதான் தப்பு. முதல் சுருக்கிலேயே கையைத் தூக்குங்கள், பிரஷரை நிறுத்தி, கொஞ்சம் இறக்கி, மறுபடி மெதுவாக ஏற்றுவேன். வீம்புக்குத் தாங்கியவர்களுக்குச் செவிப்பறையில் ரத்தம் கட்டியிருக்கிறது.

ஜலதோஷம் இருந்தால் அன்றைக்கு வரவேண்டாம், போன் பண்ணிச் சொன்னால் போதும். பிரஷர் இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதக்கூடாது, மூச்சைப் பிடித்து வைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் காற்று விரியும் நேரம் அது.

தலையில துளி எண்ணெய் வெச்சா என்ன ஆயிடப் போகுது?

அதிகமாகச் சண்டை வரும் கேள்வி. ஒரு பாட்டி, தினமும் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னி, பூ வைத்துத்தான் வெளியே கிளம்புவார். முதல் நாள் அவரைத் திருப்பி அனுப்பினேன். மகன் சத்தம் போட்டார். மறுநாள் சீயக்காய் போட்டுத் தலை முழுகிவிட்டு, ‘இப்பப் போதுமாப்பா?’ என்று பின்னலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

சுத்த ஆக்சிஜனில், அதுவும் பிரஷரில், எண்ணெய், வாசலின், தைலம், சென்ட், ஹேர் டை எல்லாம் எரிபொருள் மாதிரி. பற்றவைக்க ஒரு சின்னப் பொறி போதும். நைலான், பாலியஸ்டர் துணி உரசினாலே அந்தப் பொறி வரும். அதனால்தான் நாங்கள் தரும் பருத்தி உடையை மட்டும் போடச் சொல்கிறோம், உடம்பில் சேரும் மின்சாரம் தரைக்குப் போக மணிக்கட்டில் பட்டை கட்டுகிறோம். செல்போன், கைக்கடிகாரம், காது கேட்கும் மெஷின், லைட்டர், தீப்பெட்டி எதுவும் உள்ளே போகாது. 1997 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு ஆஸ்பத்திரி சேம்பரில் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். ஒரு நோயாளி குளிருக்காக எடுத்துப்போன, கையைச் சூடாக்கும் சின்னக் கருவியைத்தான் காரணமாகச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுப் பையன் சேம்பருக்குள்ளேயே தீயில் இறந்தான். இதையெல்லாம் நோயாளியிடம் சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். கூட வந்தவர் சண்டைக்கு நின்றால் சொல்வேன்.

சுகர் மாத்திரை போட்டுட்டு வரலாமா? வெறும் வயித்துலயா வரணும்?

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல எடுக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேம்பருக்குள் சர்க்கரை இறங்கும். உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் விரலில் குத்திப் பார்ப்போம். 120-க்குக் கீழே இருந்தால் ஜூஸோ பிஸ்கட்டோ கொடுத்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவோம். பீடி, சிகரெட் அறவே கூடாது. நாங்கள் எந்த ரத்தக் குழாய் வழியாக ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்க நினைக்கிறோமோ, அதையே நிகோடின் சுருக்கிவிடும்.

எந்த நோய்க்கெல்லாம் இது கேக்கும்?

கடலடி மருத்துவத்தையும் உயர் அழுத்த மருத்துவத்தையும் கவனிக்கும் அமெரிக்கச் சங்கம் ஒன்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உலகம் முழுக்கப் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறார்கள். பதினைந்து நோய் போலத்தான் தேறும். முக்கியமானவை: ஆழத்திலிருந்து ஏறிய குளியாளர்களுக்கு வரும் வாதம், ரத்தக் குழாயில் காற்றுக் குமிழ் அடைப்பது, புகை நஞ்சு (கார்பன் மோனாக்சைடு வாயு), தசையை அழுக வைக்கும் வேகமான கிருமித் தொற்று, நசுங்கிய கை கால், ஆறாத எலும்புச் சீழ், கேன்சருக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்ததால் வந்த பின்விளைவு, ஒட்டிய தோல் பிடிக்காமல் போவது, திடீர்க் காது கேளாமை, ஒரு குறிப்பிட்ட வகை சர்க்கரைப் புண். இவற்றிலும் பெரும்பாலானவற்றில் மருந்துக்கும் அறுவைக்கும் கூடவே கொடுக்கும் துணைச் சிகிச்சைதான் இது. குளியாளர் வாதத்துக்கும் காற்றுக் குமிழுக்கும் மட்டும் இதுவே பிரதான வைத்தியம்.

அப்பாவுக்கு சுகர் புண். காலை எடுக்கணும்ங்கறாங்க. இதுல காப்பாத்திடலாமா?

பெஞ்சில் பத்தில் ஏழு பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. யாருக்கு முடியும் என்பதை ஓரளவு முன்கூட்டியே பார்க்கலாம், அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மேல்தோல் புண்ணுக்கு இது தேவையில்லை. தசைநார், எலும்பு, சீழ்க்கட்டி வரை இறங்கிய புண்ணுக்குத்தான் யோசிப்பார்கள். அமெரிக்க அரசுக் காப்பீட்டிலும் அப்படிப்பட்ட புண்ணுக்கு, 30 நாள் முறையான வைத்தியம் பார்த்தும் அசைவில்லை என்றால்தான் பணம் தருவார்கள். முறையான வைத்தியம் என்றால் சர்க்கரைக் கட்டுப்பாடு, செத்த சதையைச் சுரண்டி எடுப்பது, கிருமிக்கு மருந்து, காலில் எடை விழாமல் பார்ப்பது, முக்கியமாக ரத்தக் குழாயைச் சோதிப்பது.

பாதத்தில் காசு அளவில் ஒரு சென்சாரை ஒட்டி, தோலைச் சூடாக்கி, அங்கே எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று பார்க்கும் கருவி இருக்கிறது. இருபது நிமிஷம் போல அசையாமல் படுத்திருக்க வேண்டும். 40-க்குக் கீழே காட்டினால் அந்த இடம் ஆக்சிஜனுக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். அதே சென்சாரை சேம்பருக்குள் வைத்துப் பார்க்கும்போது 200-ஐத் தாண்டினால் புண் ஆற நல்ல வாய்ப்பு. ஒரு லாரி டிரைவருக்கு வெளியே 14 காட்டியது, உள்ளே 31-க்கு மேல் ஏறவே இல்லை. குழாய் அடைத்திருந்தால் ஆக்சிஜன் எந்த வழியாகப் போகும்? ரத்தக் குழாய் டாக்டரிடம் அனுப்பினோம். பலூன் வைத்து அடைப்பை எடுத்தார்கள். மூன்றாவது வாரம் திரும்பி வந்தார், உள்ளே 230. இரண்டு விரல் போனது, கால் நின்றது. முதல் நாளே அவரை சேம்பரில் போட்டு முப்பது சிட்டிங் ஓட்டியிருந்தால் அந்த ஆறு வாரமும் வீணாகியிருக்கும்.

ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. ஸ்வீடனில் 94 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு வருஷ முடிவில் புண் முழுக்க ஆறியவர்கள் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 சதவீதம், வெறும் காற்றை அழுத்தத்தில் பெற்றவர்களில் 29 சதவீதம். ஆனால் 2016-இல் கனடாவில் வெளியான ஆய்விலும், 2018-இல் நெதர்லாந்தில் 120 பேரை வைத்துச் செய்ததிலும் தெளிவான பலன் தெரியவில்லை. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ‘உறுதியாகக் காலைக் காப்பாற்றுகிறோம்’ என்று போர்டு வைத்திருப்பவரிடம் போகாதீர்கள்.

எத்தனை சிட்டிங்? நடுவுல ரெண்டு நாள் விட்டா பரவாயில்லையா?

சர்க்கரைப் புண்ணுக்கும் கரண்ட் பாதிப்புக்கும் வழக்கமாக 30 முதல் 40, வாரத்துக்கு ஐந்து நாள். புகை நஞ்சுக்கு ஒன்று முதல் மூன்று. கல்யாணம் காட்சி என்று ஒரு நாள் விட்டால் குடி முழுகிப் போகாது. அடிக்கடி விட்டால்தான் சிக்கல். புதிதாக நுண்ணிய ரத்தக் குழாய்கள் முளைப்பது தொடர்ந்து கொடுக்கக் கொடுக்கத்தான் நடக்கும், பொதுவாக இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். ஐந்து சிட்டிங் முடிந்ததும் ‘ஒண்ணும் தெரியலையே’ என்று நிறுத்துபவர்கள் நிறையப் பேர்.

ஆக்சிஜன் நல்லதுதானே, அதிகமானா என்ன?

அதிகமானால் விஷம்தான். மூளைக்கு ஏறினால் வலிப்பு வரும். சில ஆயிரம் சிட்டிங்குக்கு ஒன்று என்று சொல்லும் அளவு அபூர்வம். ஒன்பது வருஷத்தில் நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். நடுநடுவே சாதாரணக் காற்று கொடுப்பதாகச் சொன்னேனே, அது இதற்காகத்தான். வலிப்பு வந்தால் ஆக்சிஜனை நிறுத்திக் காற்றுக்கு மாற்றுவோம். ஆனால் வலிப்பு அடங்கும்வரை பிரஷரை இறக்க மாட்டோம், மூச்சு அடைத்திருக்கும்போது இறக்கினால் நுரையீரல் கிழியலாம். வெளியே நிற்கும் சொந்தக்காரர்களுக்கு அந்த ஒரு நிமிஷம் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலத் தெரியும்.

இருபது சிட்டிங்குக்கு மேல் போனால் சிலருக்குத் தூரத்தில் இருப்பது மங்கும். பஸ் போர்டு படிக்க முடியவில்லை என்பார்கள். அதே ஆள் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்துவிட்டு, கண் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார். இரண்டும் ஒரே காரணத்தால்தான். முடித்த சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய நிலைக்கு வந்துவிடும், அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி போடாதீர்கள். ஏற்கெனவே கண்புரை இருந்தால் நீண்ட சிகிச்சையில் அது கூடலாம், முன்கூட்டியே சொல்லுங்கள்.

யார் யார் போகவே கூடாது?

நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நிற்கும் நிலை, அதாவது நியூமோதோராக்ஸ், சரி செய்யப்படாமல் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. அதனால்தான் மார்பு எக்ஸ்ரே கேட்கிறோம். பிளியோமைசின் போன்ற சில புற்றுநோய் மருந்துகள், குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை இவற்றை எடுப்பவர்கள் சொல்லியே ஆக வேண்டும். கடைசியில் சொன்ன மாத்திரையை வீட்டில் மறைப்பார்கள். தயவுசெய்து எங்களிடமாவது சொல்லுங்கள். வலிப்பு நோய், முற்றிய ஆஸ்துமா, மோசமான இதய பலவீனம், கடும் காய்ச்சல் இருந்தால் டாக்டர் யோசித்துத்தான் முடிவெடுப்பார். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் கம்பெனி அட்டையைக் கொண்டு வாருங்கள். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், புகை நஞ்சு மட்டும் விதிவிலக்கு.

பாத்ரூம்ல கேஸ் கீசர் போட்டு மயங்கி விழுந்துட்டா. இப்ப நல்லாத்தான் பேசறா. ஏன் சேம்பர்?

அது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது. ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கீசர், மூடிய அறையில் கரி அடுப்பு அல்லது ஜெனரேட்டர், எல்லாம் இதில் சேரும். பஸ் சீட் உதாரணம் சொன்னேன் இல்லையா, இந்த வாயு எல்லா சீட்டிலும் துண்டு போட்டுவிடும், ஆக்சிஜனுக்கு இடமிருக்காது. சாதாரணக் காற்றில் அதில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள், சேம்பரில் மூன்று மடங்கு அழுத்தத்தில் சுமார் 23 நிமிஷம். விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிறது என்று ஏமாறாதீர்கள், சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

நன்றாகப் பேசுபவர்களுக்கும் சில நாள், சில வாரம் கழித்து மறதி, தடுமாற்றம் வரலாம். 2002-இல் அமெரிக்காவில் 152 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆறு வாரம் கழித்து இப்படி மூளைத் தடுமாற்றம் இருந்தது சேம்பர் பெற்றவர்களில் 25 சதவீதம், பெறாதவர்களில் 46 சதவீதம். மயங்கி விழுந்தவர், கர்ப்பிணி இவர்களுக்கு அவசரமாக யோசிப்பார்கள். பக்கத்தில் சேம்பர் இல்லையென்றால் உடனே முகமூடி ஆக்சிஜனாவது ஆரம்பித்தாக வேண்டும்.

சங்கு குளிக்கப் போன தம்பிக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. மறுபடி தண்ணியில இறக்கினா சரியாகும்ங்கறாங்களே?

மன்னார் வளைகுடாப் பக்கம் இருந்து வருபவர்கள் கேட்பது. மூச்சடக்கிக் குளித்த காலம் வேறு. கம்ப்ரசர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்து, நாலைந்து தடவை ஏறி இறங்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேரும். சட்டென்று மேலே வந்தால் சோடா மூடியைத் திறந்த கதைதான். குமிழ் முதுகுத் தண்டில் அடைத்தால் கால் விழும். திரும்பத் தண்ணீரில் இறக்கினால் வலி கொஞ்ச நேரம் குறைவது போல இருக்கும், ஆனால் உணர்ச்சி இல்லாத ஆளைக் கடலில் இறக்குவது உயிருக்கே ஆபத்து, நைட்ரஜனும் இன்னும் சேரும். சமமாகப் படுக்க வைத்து, முகமூடியில் சுத்த ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே சேம்பருக்குக் கொண்டு வாருங்கள். இதற்கு 2.8 மடங்கு அழுத்தத்தில் தொடங்கி ஐந்து மணி நேரம் வரை ஓடும் தனி முறை இருக்கிறது. ஒரு நாள் கழித்து வந்தாலும் வந்து பார்க்கத்தான் வேண்டும்.

காலையில எழுந்தா ஒரு காது கேக்கல. அழுக்கு அடைச்சிருக்கும்னு சொட்டு மருந்து விட்டுட்டு இருக்கேன்...

விடாதீர்கள், இன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள். அது திடீர் நரம்புக் காது கேளாமையாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்து, ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள் சேம்பர் கொடுப்பதில்தான் பலன் பேசப்படுகிறது. ஒரு மாதம் சொட்டு மருந்து விட்டுவிட்டு வருபவர்களை அனுப்பி வைப்பது எங்களுக்கும் கஷ்டமாக இருக்கிறது.

கேன்சருக்குக் கரண்ட் வெச்சது அம்மாவுக்கு. ஆக்சிஜன் குடுத்தா கேன்சர் திரும்ப வளராதா?

நியாயமான பயம். புது ரத்தக் குழாய் வளர்க்கிறோம் என்று நானே மேலே சொன்னேன். ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகளில் கட்டி வளர்வதற்கோ திரும்புவதற்கோ இது காரணமானதாகத் தெரியவில்லை. கரண்ட் வைத்த இடத்தில் வருஷம் கழித்தும் குழாய்கள் சுருங்கிக்கொண்டே போகும். தாடை எலும்பு வெளியே தெரிவது, சிறுநீரில் ரத்தம் போவது இதனால்தான். சிறுநீர்ப்பை பாதிப்புக்கு நல்ல பலன் என்று 2019-இல் வெளியான நார்டிக் நாடுகளின் ஆய்வு காட்டியது. ஆனால் கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்கும் முன் தடுப்பாகக் கொடுப்பதில் பலனில்லை என்று அதே வருஷம் பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. ஆகவே எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பையனுக்கு ஆட்டிசம். எண்பது சிட்டிங் போட்டா பேசுவான்ங்கறாங்க.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் உயரும். ஆட்டிசத்துக்கு இதை அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இலேயே எச்சரித்தது. செரிபிரல் பால்சி என்னும் மூளை வாதத்துக்கு 2001-இல் கனடாவில் 111 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள்: ஒரு பாதிக்கு ஆக்சிஜன், மறுபாதிக்கு லேசான அழுத்தத்தில் வெறும் காற்று. இரண்டு பாதியும் ஒரே அளவு முன்னேறினார்கள். தினமும் அம்மாவோ அப்பாவோ கூடவே இருந்து, மற்ற குழந்தைகளோடு பழகியதே காரணமாக இருக்கலாம். அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்குக் கட்டுங்கள். மிச்சிகன் பையனைச் சேர்த்ததும் கவனக்குறைவுக்கும் தூக்கத்தில் மூச்சுத் திணறுவதற்கும்தான். இரண்டும் பட்டியலில் இல்லை.

வீட்டுக்கே வாங்கி வெச்சுக்கற பை மாதிரி சேம்பர் விக்கிறாங்களே? வயசு குறையுமாமே?

அந்தப் பைகள் 1.3 மடங்குக்கு மேல் தாங்காது, பெரும்பாலும் சுத்த ஆக்சிஜனும் கிடையாது. அமெரிக்காவில் அவற்றுக்கு அனுமதி உயர மலையில் ஏறுபவர்களுக்கு வரும் நோய்க்கு மட்டும். வயசுக் கதை 2020-இல் இஸ்ரேலிலிருந்து வந்த ஓர் ஆய்வு. 64 வயதும் அதற்கு மேலும் ஆன 35 பேருக்கு 60 சிட்டிங், ரத்த அணுக்களில் டெலோமியர் என்னும் குரோமோசோம் நுனி நீண்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைக்கவில்லை. அதை வைத்து வயசு குறையும் என்பது அதிகம்.

இது புதுக்கூத்தும் இல்லை. 1928-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கன்னிங்காம் என்ற டாக்டர் 64 அடி விட்டத்தில் எஃகு உருண்டை கட்டி, உள்ளே படுக்கையறைகள் போட்டு, அழுத்தக் காற்றில் சர்க்கரை நோய் முதல் புற்றுநோய் வரை தீரும் என்றார். மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது, அவரால் கொடுக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அந்த உருண்டையை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

நாப்பது முடிஞ்சுது, புண் அப்படியே இருக்கு. இன்னும் இருபது போட்டுப் பார்க்கலாங்கறாங்க. போடவா?

முதல் நாள் புண்ணின் அளவையும் போட்டோவையும் எடுத்து வைத்தார்களா? பத்து, இருபது, முப்பதில் எடுத்ததோடு அவற்றை ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இருபதுக்குள் அடியில் சிவப்புச் சதை தளிர்க்கவே இல்லை என்றால் அப்போதே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். இப்போது கேட்க வேண்டியது மூன்று: பாதத்து ஆக்சிஜன் அளவு உள்ளே எவ்வளவு வந்தது, ரத்தக் குழாய் டாக்டர் பார்த்தாரா, எலும்புக்குள் சீழ் இருக்கிறதா. மூன்றுக்கும் தாளில் பதில் இருந்து, அளவு கொஞ்சமாவது குறைந்திருந்தால் மேலும் பத்து போடுவதில் அர்த்தம் உண்டு. தாளே இல்லையென்றால் பணத்தைக் கட்டாமல், ஃபைலை வாங்கிக்கொண்டு வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். ஃபைல் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.